வீடு எப்போது கட்டுபடியாகும்? சென்னையை வைத்து ஒரு கணக்கு

ஒரு குடும்பத்துக்கு மாதம் 40,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறார், மனைவி துணிக்கடையில் விற்பனையாளர். பெரிய வசதியில்லை, ஆனால் மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது. சென்னையை நடத்துகிறவர்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டவர்கள்தான். இவர்களால் எவ்வளவு விலையுள்ள வீட்டை வாங்க முடியும்?

உலகமெங்கும் புழங்கும் அளவுகோல் ஒன்று உண்டு. வீட்டுச் செலவு, வாடகையாக இருந்தாலும் தவணையாக இருந்தாலும், வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பள்ளிக் கட்டணம், மருந்து, சாப்பாடு என்று வேறெங்கோ கை வைக்க வேண்டிவரும். 40,000-க்கு 30 சதவீதம் என்றால் 12,000 ரூபாய். ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடனுக்கு, ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். ஆக, 12,000 ரூபாய் இஎம்ஐக்குக் கிடைக்கும் கடன் 13.8 லட்சம். 30 லட்சம் வரையான கடன்களுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்திருக்கிறது. மீதி 10 சதவீதத்தைக் கையிலிருந்து போட்டால், வாங்கக்கூடிய வீட்டின் விலை சுமார் 15.4 லட்சம்.

புறநகரில் ஒரு புது அபார்ட்மென்ட் சதுர அடி 6,500 ரூபாய் என்று கொண்டால், அந்தப் பணத்துக்கு 236 சதுர அடி கிடைக்கும். அதுவும் சூப்பர் பில்டப் அளவு. மாடிப்படி, லிஃப்ட், பொது நடைவழி ஆகியவற்றின் பங்கைக் கழித்தால், உள்ளே கால் வைத்து நடக்கக்கூடிய கார்ப்பெட் ஏரியா 170 சதுர அடிக்குப் பக்கத்தில் வரும். ஒரு அறை. அதில் நான்கு பேர் வாழ முடியாது.

பற்றாக்குறையின் முகமும் இதுதான். மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2012-இல் இந்திய நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மதிப்பிட்டது. அதில் 96 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவும் குறைந்த வருமானப் பிரிவும். வீடே இல்லாமல் தெருவில் இருப்பவர்கள் அந்த எண்ணிக்கையில் மிகச் சிறு பங்கு. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி, நெருக்கடியில் வாழும் குடும்பங்கள்: கல்யாணமான பிள்ளைக்குத் தனி அறை இல்லாத வீடு, அண்ணன் தம்பி இரு குடும்பம் ஒரே போர்ஷனில். இவர்களுக்குக் கூரை இருக்கிறது. அவர்கள் வருமானத்துக்கு எட்டும் விலையில், வேலைக்குப் போய்வரும் தூரத்தில், இன்னொரு கூரைதான் இல்லை.

ஒரு சதுர அடிக்குள் என்னென்ன இருக்கிறது

விலையைக் குறைக்க வேண்டுமானால் முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கிரவுண்டு நிலம், அதாவது 2,400 சதுர அடி, 1.2 கோடி ரூபாய் என்று கொள்வோம். அதில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது எஃப்எஸ்ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீடு. குறியீடு 1.5 என்றால் எல்லாத் தளங்களையும் சேர்த்து 3,600 சதுர அடி கட்டலாம். 2 என்றால் 4,800. முதல் கணக்கில் ஒவ்வொரு சதுர அடி வீட்டின் தலையிலும் 3,333 ரூபாய் நிலச் செலவு ஏறுகிறது. இரண்டாவதில் 2,500. சுவரும் கம்பியும் சிமென்டும் கூலியுமாகக் கட்டுமானம் இன்னொரு 2,500 என்று வைத்தால், இரண்டாவது கணக்கிலேயே நிலமும் கட்டடமும் சேர்ந்து 5,000 ஆகிறது. வட்டி, கட்டணங்கள், விற்பனைச் செலவு, லாபம் எல்லாம் சேர்ந்து அதை 6,500-க்குக் கொண்டுபோகின்றன.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தபோது, சாதாரணக் கட்டடங்களுக்கான குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. அடுக்குமாடி உயரக் கட்டடங்களுக்கு 3.25. சாலை அகலமாக இருந்தால், கட்டணம் செலுத்தி பிரீமியம் எஃப்எஸ்ஐ எனப்படும் கூடுதல் தளப்பரப்பையும் வாங்கலாம். அப்படியானால் வீட்டு விலை இறங்கியிருக்க வேண்டுமே என்று தோன்றும். இறங்காததற்குக் காரணம் இருக்கிறது.

சென்னையில் ஏராளமான கட்டடங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் எழுகின்றன. நிலத்துக்காரர் நிலத்தைக் கொடுப்பார், பில்டர் கட்டுவார், வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கூடுதலாகக் கட்டலாம் என்று விதி மாறியதும், நிலத்துக்காரர் தன் பங்கை உயர்த்திக் கேட்கிறார். கேட்பது நியாயமும்கூட, அவருடைய நிலம் நேற்றைவிட இன்று அதிகம் தாங்குகிறது. விதிமாற்றத்தின் பலன் இப்படி நிலத்தின் விலைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்காக எஃப்எஸ்ஐயை உயர்த்துவது வீண் என்று சொல்லிவிட முடியாது. நகரம் முழுக்கப் பரவலாக உயர்ந்து, நிறைய வீடுகள் ஒரே காலத்தில் சந்தைக்கு வந்தால், பல வருடங்களில் விலை ஏறும் வேகம் தணியும். ஆனால் 40,000 ரூபாய் குடும்பத்துக்கு அதை மட்டும் நம்பிக் காத்திருக்க நேரமில்லை. கூடுதல் தளப்பரப்போடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வர வேண்டும்: கூடுதலாகக் கட்டுவதில் இத்தனை பங்கு சிறிய வீடுகள் என்று. நிலம் வாங்குகிறவருக்கு அந்த நிபந்தனை முன்கூட்டியே தெரிந்திருந்தால், நிலத்துக்கு அவர் கொடுக்கும் விலையே அதற்கேற்பக் குறையும். நடுவில் திணித்தால் பில்டர் தலையில் விழும், அவர் மற்ற வீடுகளின் விலையில் ஏற்றிவிடுவார்.

இந்த நிபந்தனை சென்னைக்குப் புதிதல்ல. சென்னைப் பெருநகரின் வளர்ச்சிக்கான இரண்டாம் மாஸ்டர் பிளான் விதிகளிலேயே, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் குறைந்தது 10 சதவீத இடத்தை, ஒவ்வொன்றும் 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. அதே மனையில் முடியாவிட்டால் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கட்டித் தரலாம். அடுத்தடுத்த இரண்டு சிறிய வீடுகளை ஒருவரே வாங்கிச் சுவரை இடித்து ஒன்றாக்கக் கூடாது என்றும் விதியில் எழுதியிருந்தார்கள். அப்படி எழுத வேண்டியிருந்தது ஏன் என்பதை யோசித்தால், கண்காணிப்பு இல்லாத நிபந்தனை எந்த வழியாகக் கசியும் என்பது புரியும். வீடு யாருக்குப் பதிவானது, ஐந்து வருடம் கழித்து யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆள் வேண்டும்.

கார் நிறுத்துமிடம் பலர் கவனிக்காத ஒரு செலவு. ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம், அதாவது 12.5 சதுர மீட்டர். வண்டி திரும்பவும் வெளியேறவும் வேண்டிய வழியைச் சேர்த்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 45 சதுர மீட்டர் வீட்டுக்கு, அதன் பாதிக்கு மேல் பரப்பு காருக்கே போகிறது. மின்சார ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கிற, ஸ்கூட்டர் மட்டும் வைத்திருக்கிற குடும்பங்களுக்கான கட்டடத்தில் இந்த இடத்தைக் கட்டாயமாக்காமல் இருப்பதே ஒரு விலைக்குறைப்பு.

தாமதத்துக்கும் விலை உண்டு. 1.2 கோடி நிலத்தை 15 சதவீத வட்டிக் கடனில் வாங்கிய ஒருவர், அப்ரூவலுக்காக ஒரு வருடம் காத்திருந்தால் வட்டி மட்டும் 18 லட்சம். 4,800 சதுர அடியில் பரப்பினால் சதுர அடிக்கு 375 ரூபாய். ஒரு செங்கல்கூட வைக்காமல் ஏறிய விலை இது. சொந்த மனையில் சிறிதாகக் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சிக்கலைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் ஓரளவு தீர்த்தது. 2,500 சதுர அடி வரை மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குத் துறை துறையாக என்ஓசி எனப்படும் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கும் அலைச்சல் இன்னும் இருக்கிறது.

வரிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கட்டி முடியாத வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெருநகரங்களில் 60 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியாவுக்குள்ளும் 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். 2019 ஏப்ரலில் வைத்த வரம்பு இது. மேலே சொன்ன 6,500 ரூபாய் விலையில், 60 சதுர மீட்டர் கார்ப்பெட் என்றால் சூப்பர் பில்டப்பில் சுமார் 860 சதுர அடி. விலை 55 லட்சத்தைத் தாண்டும். பரப்பில் சிறிய வீடுதான், ஆனால் விலை வரம்பைத் தாண்டியதால் சலுகை போய்விடுகிறது. பத்திரப் பதிவில் நிலைமை கொஞ்சம் மேல்: 50 லட்சம் வரையான புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். மனையாக வாங்கினால் 9. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு வட்டி மானியம் இருக்கிறது. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதிகபட்ச மானியம் 1.80 லட்சம். நல்ல உதவி, ஆனால் மேலே போட்ட கணக்கின் போக்கை மாற்றும் அளவுக்கு இல்லை.

சென்னை ஏற்கெனவே செய்து பார்த்த ஒரு வழி

1977 முதல் உலக வங்கிக் கடனுதவியோடு சென்னையில் ஒரு திட்டம் நடந்தது. முழு வீட்டைக் கட்டித் தராமல், வசதிகள் செய்த மனையைத் தரும் திட்டம். அரசு நிலத்தை எடுக்கும், லேஅவுட் போடும், சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர், மின்சாரம், பள்ளிக்கு இடம் எல்லாம் அமைக்கும். பிறகு சில நூறு சதுர அடிச் சிறு மனைகளை ஏழைக் குடும்பங்களுக்குத் தவணையில் கொடுக்கும். குடும்பம் முதலில் ஒரு அறையும் கழிப்பறையுமாகத் தொடங்கும். கையில் காசு சேரும்போது இன்னொரு அறை, பிறகு மாடி. அதே லேஅவுட்டில் பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சிறு மனைகளின் விலையைத் தாழ்வாக வைத்தார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் அந்த முதல் சுற்றில் வந்தவை. பின்னால் முகப்பேர் வந்தது.

ஆரம்பத்தில் இவை மெதுவாகத்தான் நிறைந்தன. அன்றைக்கு அவை ஊருக்கு வெளியே. மனைகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்துத் திட்டம் சரியாக ஓடவில்லை என்று பலர் எண்ணினார்கள். இந்த வகைத் திட்டங்களில் உலக வங்கிக்கே பின்னால் ஆர்வம் குறைந்தது. ஏறத்தாழ இருபது வருடம் கழித்து ஆய்வாளர்கள் மும்பையிலும் சென்னையிலும் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, நெருக்கமாக மக்கள் வாழும், பல வருமானக்காரர்களும் கலந்த, தெருக்கள் ஒழுங்காக இருக்கும் குடியிருப்புகளைக் கண்டார்கள். இன்று அரும்பாக்கத்தில் மெட்ரோ ரயில் நிற்கிறது.

வேலை செய்ததற்கான காரணங்கள் தெளிவானவை. அரசின் பணம் தனியாரால் செய்ய முடியாத வேலையில், அதாவது சாலையிலும் குழாயிலும், போய்ச் சேர்ந்தது. சுவர் கட்டும் வேலையைக் குடும்பங்களே தங்கள் வேகத்தில் செய்தன. மாடி எடுத்தவர்கள் அதை வாடகைக்கு விட்டார்கள், ஆக ஒரு மனையிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. ஆரம்பத்தில் வாங்கியவர்களில் சிலர் மனையை விற்றுவிட்டுப் போனதும் உண்மை. ஆனால் மனை சிறியது. அதை வாங்கியவரும் பெரிய பங்களா கட்ட முடியவில்லை. வருமானச் சான்றிதழையும் மறுவிற்பனைத் தடையையும்விட, மனையின் அளவுதான் நீண்ட நாள் காவலாக நின்றது.

இதைத் திரும்பச் செய்வதில் உள்ள பெரிய தடை நிலம். 2014-இல் நடைமுறைக்கு வந்த நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு இழப்பீடு உயர்ந்தது. உயர வேண்டியதும்தான், அதற்கு முன் விவசாயிகள் ஏமாந்தார்கள். எடுப்பதற்குப் பதில் திரட்டும் முறை ஒன்று குஜராத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரு பகுதியின் எல்லா நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிட்டு, சாலை, பூங்கா, பொதுத் தேவைக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தருகிறார்கள். பரப்பு குறைகிறது, ஆனால் சாலையும் குழாயும் வந்ததால் மதிப்பு கூடுகிறது. நலிந்த பிரிவினரின் வீடுகளுக்கு 10 சதவீதம் வரை ஒதுக்க அங்குள்ள சட்டம் இடம் தருகிறது. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஊர்களில் நிலம் கிரவுண்டு கிரவுண்டாக வெட்டுப்படுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். வெட்டிய பிறகு சாலைக்கு இடம் கேட்டால் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையையும் இடிக்க வேண்டிவரும்.

அரசு செய்யாத இடத்தைத் தனியார் லேஅவுட் நிரப்புகிறது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் தனித் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. மலிவாகக் கிடைக்கும் நிலம் பல சமயம் ஏரியின் உள்வாயாக, தாங்கலாக, வடிகால் பாதையாக இருக்கிறது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கியதற்கு இதில் பங்கு உண்டு. வருடாவருடம் கட்டிலுக்கு மேல் பாத்திரம் அடுக்க வேண்டிய வீடு எந்த விலையிலும் மலிவு அல்ல.

தூரமும் ஒரு வாடகைதான்

நிலம் மலிவாக இருக்கும் இடத்தில் அரசே வீடு கட்டிக் கொடுத்தால் என்ன? இதையும் சென்னை செய்திருக்கிறது. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனது. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சுவரும் கூரையும் உறுதி. ஆனால் மயிலாப்பூரில் நான்கு வீட்டில் வேலை செய்தவர் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்ததும், காலை ஆறு மணி வேலையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு வீட்டை விட்டார். பிள்ளை பள்ளி மாறி, பிறகு நின்றது. வீட்டுச் செலவு குறைந்து, வருமானம் அதைவிட அதிகமாகக் குறைந்தால் அந்த வீடு கட்டுபடியாகவில்லை என்றுதான் அர்த்தம்.

அதனால்தான் 30 சதவீத அளவுகோலோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்: வீடும் பயணமும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் பஸ் கட்டணமும் வீட்டுவசதிக் கொள்கைக்குள் வந்துவிடுகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மின்சார ரயில் சீசன் டிக்கெட் மலிவு. இவை இரண்டும் குடும்பங்கள் தேடக்கூடிய வட்டத்தை விரிக்கின்றன. நேரத்தை மட்டும் அவற்றால் திருப்பித் தர முடியாது. பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் உயர்த்திக் கட்டும் வேலை இப்போது பல இடங்களில் நடக்கிறது. ஒரு வீட்டுக்கான செலவு கூடுதலானாலும் சரியான வழி அதுதான். கட்டி முடியும்வரை குடும்பங்கள் எங்கே இருப்பது, அந்த வாடகையை யார் தருவது என்பதை இடிப்பதற்கு முன் எழுத்தில் முடித்துவிட வேண்டும்.

வாங்குவதைவிட வாடகை

60 லட்சம் ரூபாய் வீட்டுக்குச் சென்னையில் வாடகை வருடத்துக்கு அதன் மதிப்பில் 3 சதவீதத்தை ஒட்டி, மாதம் 15,000 ரூபாய் வரும். அதே வீட்டை 48 லட்சம் கடனில் வாங்கினால் இஎம்ஐ 41,600-க்கு மேல். குடியிருப்பவருக்கு வாடகைதான் லாபம். ஆனால் வாடகைக்கென்றே வீடு கட்ட நினைக்கும் நிறுவனத்துக்கு 8.5 சதவீத வட்டியும் 3 சதவீத வரவும் பொருந்தாது. அதனால் அப்படி யாரும் கட்டுவதில்லை. வேலைக்காரக் குடும்பங்களுக்கு மிஞ்சுவது, தனி ஆட்கள் தங்கள் வீட்டுக்குப் பின்னால் எடுக்கும் போர்ஷனும் லைன் வீடும்தான்.

அங்கே வாடகைக்கு மேலும் மறைவான செலவுகள் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் ஒரு இணைப்புக்குத்தான். ஐந்து போர்ஷனுக்கு ஒரே இணைப்பு இருந்தால் மொத்தப் பயன்பாடு மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போகிறது. சப்-மீட்டர் வைத்து அதற்கு மேலும் வசூலிக்கும் உரிமையாளர்கள் உண்டு. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு கிடைத்தால் மாதச் செலவு கண்கூடாகக் குறையும். அட்வான்ஸ் இன்னொரு தடை. 12,000 வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,20,000. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத அளவைச் சொல்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அந்த வரியைப் படித்துப் பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்துவிட்டால், நடுவில் வாடகையை ஏற்றினாலும் காலி செய்யச் சொன்னாலும் வாதாட ஆதாரம் இருக்கும்.

தொழிற்பேட்டைகளில் விடுதி ஒரு நல்ல விடை. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு கிராமத்து வீட்டில் எட்டுப் பேர் பாய் விரித்துப் படுத்த நிலைக்கு இது பெரிய மாற்றம். ஆனால் விடுதி தனியாளுக்கானது. கல்யாணமானால் அந்தப் பெண் கட்டிலையும் விட வேண்டும், பெரும்பாலும் வேலையையும் விட வேண்டும். விடுதிக்குப் பக்கத்திலேயே 30 முதல் 45 சதுர மீட்டர் குடும்ப வாடகை வீடுகள் இருந்தால் அனுபவமுள்ள தொழிலாளி ஆலையை விட்டுப் போக மாட்டார்.

3 சதவீத வரவில் இப்படிப்பட்ட வாடகை வீடுகளை நிற்கவைக்க ஒரே வழி, நிலச் செலவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. பேருந்துப் பணிமனைகள், பழைய வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், ரயில் நிலையங்களை ஒட்டிய காலி இடங்கள் என்று அரசிடம் நிலம் இருக்கிறது, அதுவும் போக்குவரத்து நிற்கும் இடத்திலேயே. அதை ஏலத்தில் விற்றால் அதிக விலை கேட்டவர் அதற்கேற்ற விலையில்தான் வீடு விற்பார். அது 40,000 ரூபாய் குடும்பத்துக்கு எட்டாது. விற்காமல் 60 வருடக் குத்தகைக்குக் கொடுத்து, ஏலத்தின் கேள்வியையே மாற்றலாம்: அரசுக்கு யார் அதிகம் தருவார்கள் என்று கேட்காமல், 40 சதுர மீட்டர் வீட்டை யார் குறைந்த வாடகைக்கு விடுவார்கள் என்று கேட்கலாம். முதல் வருட வாடகை, ஆண்டு உயர்வின் உச்சவரம்பு, பராமரிப்புக்கென்று வாடகையில் தனியாக எடுத்துவைக்க வேண்டிய பங்கு, தவறினால் குத்தகை ரத்து ஆகிய நான்கும் டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். இதில் பராமரிப்புப் பங்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். லிஃப்ட் ஓடாத, மோட்டார் பழுதான எட்டு மாடிக் கட்டடத்தில் மேல்தளங்கள் முதலில் காலியாகும், அங்கிருந்துதான் சரிவு தொடங்கும்.